திரையின் முன்னே மௌனமாகும் விமர்சனம்

ஈழத்துத் தமிழ் விமர்சனத்துக்கு விசித்திரமான வழக்கமொன்று உண்டு. சிறுகதையொன்றிலே பேச்சுவழக்குச் சற்றுப் பிசகினாலும் அது பொறுத்துக்கொள்ளாது. பாத்திரத்தின் வர்க்கநிலையை வினவும். ஆசிரியனின் அரசியலை உரைத்துப் பார்க்கும். அதே விமர்சகர் திரையரங்கினுள் நுழையும்போது இவ்வினாக்கள் அனைத்தையும் வாயிலிலேயே விட்டுச் செல்கிறார். சினிமா வெறும் பொழுதுபோக்கு என்பது அவரது சமாதானம்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நம் முற்போக்கு எழுத்தாளர் தேசிய இலக்கியக் கோரிக்கையை முன்வைத்தனர். தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் ஆதிக்கத்தை எதிர்த்து எழுதினர். நியாயமான போராட்டமே. ஆயின், சஞ்சிகையை வாசித்தோரிலும் சென்னைப் படத்தைப் பார்த்தோர், எழுத்தறியாதோர் உட்பட, மிகப் பலர். சிலரின் வாசிப்பைத் திருத்தப் புறப்பட்டோர் பலரின் பார்வையைத் தீண்டாது விட்டமை எவ்வகைத் தந்திரோபாயம்?

அக்கரை அரசியல்வாதிகள் இவ்வாறு அசட்டையாக இருக்கவில்லை. திரைவசனத்தையே மேடையாக்கிக்கொண்ட திராவிட முன்னேற்றக் கழகம் 1967இல் ஆட்சியைப் பிடித்தது. 1977இல் எம். ஜி. ஆர். முதலமைச்சரானார்.

அதே 1977இல் இங்கே ‘பொன்மணி’ வெளியாயிற்று. காவலூர் இராசதுரை எழுத, தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய படம் அது. யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த ஒரு சிங்களக் கலைஞர், நம் வீட்டின் உட்புறத்தை, சீதனத்தின் சுமையையும் சாதியின் இறுக்கத்தையும், நமக்கே காட்டினார். சென்னைப் படத்தின் ஆரவாரத்தை எதிர்பார்த்துப் போனவர் ஏமாந்தனர். படம் வசூலில் தோற்றது. இதே சாதியையும் சீதனத்தையும் பற்றி அச்சில் வந்த கதைகளைக் கொண்டாடிய நம் இலக்கிய உலகம், அவை திரையேறியபோது இரசிகரை ஆயத்தஞ்செய்ய எவ்வளவு பாடுபட்டது? பாமர இரசிகன்மீது பழிபோடுவது எளிது. அவனுக்குப் படம் பார்க்கக் கற்பித்தவர் யார்?

சிங்களத்தில் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ 1944இல் நாவலாக வந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைப் படமாக்கினார். 1965இல் புதுதில்லி விழாவிலே அதற்குத் தங்கமயில் விருது கிடைத்தது. அங்கே நாவலும் சினிமாவும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. நம்மிடமும் அதற்கு வாய்ப்பு இல்லாமலில்லை: செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978இல் படமாயிற்று. நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதியோருள் எத்தனை பேர் படத்தைப் பொருட்படுத்தினர்?

பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியற் சாதனமாக ஆராய்ந்து 1981இல் நூலெழுதினார் என்பதை மறந்துவிடவில்லை. அவர் திறந்த வழியிலே பின்சென்றோர் மிகச் சிலர். அதே 1981இல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிக்கப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம், நினைவுகூரத்தான் வேண்டும். 1983 ஜூலை வன்செயலில் விஜயா கலையகம் எரிந்து படச்சுருள்கள் சாம்பலானதை நினைப்பவர் எத்தனை பேர்? நூலை இழப்பென்று கருதும் மனம் சுருளை அவ்வாறு கருதப் பழகவில்லை.

இன்று நம் மாணவரே குறும்படம் எடுக்கிறார்கள். அவற்றுக்கு நாம் வழங்குவது கைதட்டலும் சான்றிதழும், விமர்சனம் அன்று. தமிழ்த்துறைப் பரீட்சைத்தாளில் ‘வாடைக்காற்று’ நாவலோடு படத்துக்கும் ஒரு வினா இருக்கட்டும். அடுத்த தமிழ் விழாவிலே பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் பொழுதைப் ‘பொன்மணி’க்குக் கொடுங்கள், படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, சிறுகதைக்குப் போடும் சண்டையை அதற்கும் போடுங்கள்.