க்ராப் கேமராவுக்கு ஃபுல் ஃப்ரேம் லென்ஸ்: கம்மலை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு த்ரெட்

1/ தாயில்பட்டியில பட்டாசு ஆலைக்குப் போற ஒரு அம்மா, பிரஷர் பார்க்க வந்தப்ப கேட்டாங்க. "டாக்டர் சார், நீங்களும் கேமரா வச்சிருக்கீங்கல்ல? பையன் விசேஷ வீட்டுக்கு போட்டோ எடுக்கப் போறான். ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் வேணுமாம். கம்மலை அடகு வச்சு வாங்கிக் குடுக்கட்டா?"

பையன்கிட்ட இருக்குறது கேனான் 1500டி. கேக்குறது 24-105 லென்ஸ். இப்போதைக்கு வேண்டாம்மான்னு சொன்னேன். காரணம் கீழே.

2/ ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மி.மீ. 1500டி-யோடது 22.3×14.9 மி.மீ. லென்ஸ் அனுப்புற பிம்பத்துல நடுப்பகுதியை மட்டும்தான் இது பிடிக்கும். நெஞ்சு எக்ஸ்ரேக்கு சின்ன பிளேட் வச்ச மாதிரி. நுரையீரல் பெருசாகாது, ஓரம் விட்டுப்போகும்.

3/ நம்ம ஊர்ல சடங்கு, வளைகாப்பெல்லாம் பாதி வீட்டுக்குள்ளதான் நடக்குது. பத்தடி தள்ளி நின்னு எடுத்தா:
ஃபுல் ஃப்ரேம்ல 24 மி.மீ.: 15 அடி அகலம் விழும்.
1500டி-யில அதே 24: 9 அடி சொச்சம்.
1500டி-யோட வர்ற 18-55 லென்ஸ், 18-ல: 12 அடிக்கு மேல.
அதாவது காசைப் போட்டு லென்ஸ் மாத்தினா பெரியப்பா குடும்பம் படத்துக்கு வெளிய நிக்கும்!

4/ ஃபுல் ஃப்ரேம் லென்ஸே ஆகாதுன்னு சொல்லல. ஓரத்துல வர்ற மங்கல், இருட்டு பெரும்பாலும் வெட்டுப்பட்டுரும். இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்துல தூரத்துல இருந்து எடுக்க 70-300 இருந்தா, 300-ங்குறது 480 மாதிரி நெருங்கி வரும். தூரத்துக்கு லாபம், வீட்டுக்குள்ள நஷ்டம்.

5/ "நாளைக்கு ஃபுல் ஃப்ரேம் வாங்கும்போது உதவும்ல?" உதவும். ஆனா வட்டி இன்னைக்கே ஓட ஆரம்பிச்சிரும். நாளைக்கு வாங்கப்போற கேமராவுக்கு இன்னைக்கு மருந்து எழுதக் கூடாது.

6/ தம்பிக்கு நான் சொன்னது: 18-55ஐ வச்சுக்கோ. செகண்ட் ஹேண்ட்ல ஒரு 50 மி.மீ. எஃப்1.8 வாங்கு. அதுவும் ஃபுல் ஃப்ரேம் லென்ஸ்தான்! க்ராப்ல 80 மாதிரி, முகம் எடுக்க அருமை. எஃப்4 லென்ஸை விட கிட்டத்தட்ட 5 மடங்கு வெளிச்சம் உள்ள விடும். அப்புறம் ஒரு ஃப்ளாஷ், வெள்ளைக் கூரையில அடிச்சுத் திருப்பு. நாலு விசேஷக் காசு சேரட்டும், பெரிய லென்ஸை அப்ப யோசிப்போம்.

மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுதான் போனான். பரவாயில்ல. அம்மா கம்மல் காதுலயே இருக்கட்டும்.