மருந்தறைக்குப் போர்மேன், மாணாக்கருக்குத் தலைவிதியா?

நாரணாபுரம், சிவகாசி வட்டாரத்துத் தோழர்களுக்கு ஒரு சங்கதியை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்குமிடத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திவிட முடியாது. தேர்வு எழுதிச் சர்டிபிகேட் வாங்கிய போர்மேன் இருக்கவேண்டும். ஓர் அறைக்கு இத்தனை ஆள், இவ்வளவு மருந்து என்று சட்டம் அளந்து வைத்திருக்கிறது. "எனக்குக் குருபலம் நன்றாயிருக்கிறது, ஆகையால் லைசென்ஸ் கொடுங்கள்" என்று எந்த முதலாளியாவது நாகபுரி ஆபீசுக்கு மனுப் போடுவாரா? போடமாட்டார். உராய்ந்தால் பற்றிக்கொள்ளும் மருந்துக்கு ராகுகாலமும் தெரியாது, நல்ல நேரமும் தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நாற்பது உயிர்கள் வரை வெந்து மாண்டபோது, லைசென்ஸ் என்னவாயிற்று, மருந்து எவ்வளவு இருந்தது என்றுதான் ஊர் உலகம் கேட்டதேயொழிய, செத்தவர்களின் ஜாதகத்தை எந்த அதிகாரியும் கேட்கவில்லை.

மருந்துக்கு இவ்வளவு அறிவைச் செலவு செய்கிற நாம், பிள்ளைகளுடைய மனத்திற்கு எவ்வளவு செலவு செய்கிறோம் என்பதே நமது கேள்வி.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளை ஆலைக்குள் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. 1996 டிசம்பர் 10-ல் சுப்ரீம் கோர்ட்டார், பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்டவேண்டுமென்று தீர்ப்புச் சொன்னார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற்கு வந்தார்கள், படித்தார்கள், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் 2018-லும் 2023-லும் விருதுநகர் மாவட்டமே முதலிடம் பெற்றது. சந்தோஷம்தான். ஆனால் மார்க்கை எண்ணுகிறவர்கள் அந்தப் பிள்ளை என்ன பாரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை எண்ணினார்களா? விபத்தில் தாயைப் பறிகொடுத்த பிள்ளை, குடிகாரத் தகப்பனுக்கு அஞ்சி இரவெல்லாம் தூங்காத பிள்ளை, படிப்பை நிறுத்திக் கலியாணம் செய்துவைக்கப் போகிறார்களே என்று நடுங்கும் பெண், ஜாதிப் பேர் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட பையன் இவர்களெல்லாம் யாரிடம் போய் வாய்திறப்பார்கள்? சரவெடிக்கும் பேரியத்திற்கும் 2018-ல் கோர்ட்டுத் தடை வந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, அடுப்பெரியாத வீட்டிலிருந்து வந்த பிள்ளையைப் பார்த்து "ஏன் வீட்டுக் கணக்குப் போடவில்லை?" என்று கேட்ட உபாத்தியாயர்கள் எத்தனை பேர்!

இப்படிப்பட்ட பிள்ளைக்கு நமது சமூகம் கொடுக்கும் மருந்து என்ன? ஏழரைச் சனி என்பார் ஜோசியர். இருக்கன்குடிக்கு நேர்ந்துகொள் என்பாள் பாட்டி. தேர்வு வந்தால் பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடுத்துக்கொடுப்பார் பூசாரி. மனம் கலங்கிப் பேசாமல் கிடந்தால் பேய் என்று சொல்லி வேப்பிலை அடிப்பார்கள். பாட்டியின் பேரில் நமக்குக் கோபமில்லை. அவளுக்கு வேறு வழி காட்டப்படவில்லை. வழி காட்டவேண்டிய பள்ளிக்கூடமே இந்த வேலையைச் செய்யப் புகுந்தால் என்ன சொல்வது?

புகுந்தது. 2024 ஆகஸ்டு 28-ந் தேதி சென்னை அசோக் நகர் அரசாங்கப் பெண்கள் பள்ளியில் தன்னம்பிக்கைப் பேச்சு என்ற பெயரால் மகாவிஷ்ணு என்பவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் முன்ஜென்மத்துப் பாவத்தினால்தான் கண்ணில்லாமலும் கைகாலில்லாமலும் பிறக்கிறார்கள் என்று பெண்பிள்ளைகளுக்குப் போதித்தார். கண்பார்வையில்லாத ஆசிரியர் ஒருவர் எழுந்து நின்று கண்டித்தார். கண்ணிருந்தும் வாய்மூடி நின்றவர்கள் நடுவில் அவருக்குத்தான் பார்வை இருந்தது என்போம். செப்டம்பர் 7-ல் பேச்சாளர் கைதானார். ஆனால் ஆளைப் பிடித்தால் போதுமா? பிள்ளைகளின் மனத்துக்கு ஆறுதல் சொல்லப் படித்த ஆள் இல்லாத இடத்தில்தான் இந்தப் புரட்டு நாற்காலி போட்டு உட்காருகிறது. கர்மம் என்று சொல்லிவிட்டால் தகப்பனுடைய குடியையும், முதலாளியுடைய பேராசையையும், ஜாதித் திமிரையும் ஒருவரும் விசாரிக்கவேண்டியதில்லையல்லவா?

நிற்க, சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2013 வாக்கில் மனநல ஆலோசகர்களை வைத்து 10 நடமாடும் வண்டிகள் விட்டார்கள். அன்றைக்கு மாவட்டங்கள் 32. மூன்று மாவட்டத்திற்கு ஒரு வண்டி! தேர் கூட வருஷத்திற்கு ஒருமுறை தெருவுக்கு வரும். இந்த வண்டி எந்தப் பள்ளிக்கு எப்போது வரும் என்று பிள்ளை காத்திருப்பது? 2018-ல் 14417 என்றும், 2022-ல் 14416 என்றும் போன் நம்பர்கள் வந்தன. நல்லதுதான், ஆனால் அடுத்த அறையில் அடிக்கிற தகப்பன் கையிலேயே வீட்டுப் போன் இருந்தால் அந்தப் பெண் எப்படிப் பேசுவாள்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததைத் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையன் ஒருவன், தனக்கு நேர்ந்த தொந்தரவைப் பள்ளியில் புகார் சொன்னதற்காகக் கூடப்படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அடுத்த வருஷம் அவன் 600-க்கு 469 மார்க்கு வாங்கினான். அவனுடைய மானத்திற்கு அதுவே சாட்சி. வெட்டிய பையன்களுக்கு அந்த அரிவாளைக் கையில் கொடுத்தது எது? ஜாதி. அதைப் பற்றி ஆராய்ந்த நீதிபதி சந்துரு அவர்கள் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கையில் கட்டும் ஜாதிக் கலர்க் கயிறுகள் கூடாதென்றும், 500 பேருக்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டுமென்றும் சொன்னார். உடனே வைதீகக் கூட்டம் கயிற்றுக்காகவும் பொட்டுக்காகவும் கூச்சலிட்டது. அலுவலரை எப்போது போடுவீர்கள் என்று அவர்களில் ஒருவராவது கேட்டதுண்டா?

"நம் முன்னோர் காலத்தில் ஆலோசகரா இருந்தார்? இது மேல்நாட்டு மோஸ்தர்" என்கிறார்கள் சில பெரியவர்கள். உண்மைதான். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1908-ல் பிராங்க் பார்ஸன்ஸ் என்பவர், வேலை தேடும் இளைஞர்களுக்கு எந்தத் தொழில் பொருந்துமென்று ஆராய்ந்து சொல்ல ஒரு நிலையம் ஏற்படுத்தினார். நம் முன்னோருக்கு அந்தச் சிரமமேயில்லை. பிறந்தவுடனேயே ஜாதி அந்த உத்தியோகத்தைப் பார்த்துவிட்டது. 1953-ல் ராஜாஜியார் பள்ளியை அரைநாளாக்கி, மறுபாதி அப்பன் தொழிலைச் செய் என்றார். விருதுநகரில் பிறந்த காமராஜர் 1954-ல் அதை ஒழித்தார். ஆகவே பழைய காலத்தில் ஆலோசகர் இல்லாததற்குக் காரணம், பிள்ளைக்கு விருப்பம் என்ற ஒன்று உண்டு என்பதையே ஒப்புக்கொள்ளாததுதான்.

2022-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் இத்தேசத்தில் 13,044 மாணாக்கர்கள் தங்கள் உயிரைப் போக்கிக்கொண்டதாகச் சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. 2025 ஜூலை 25-ல் சுப்ரீம் கோர்ட்டாரும், 100 பேரும் அதற்கு மேலும் படிக்கும் ஒவ்வொரு கல்வி ஸ்தாபனத்திலும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும், மார்க்கைக் கொண்டு பிள்ளைகளைப் பிரித்து வைப்பதும் பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதும் கூடாது, ஜில்லாதோறும் கலெக்டர் தலைமையில் கண்காணிப்புக் கமிட்டி வேண்டும் என்று உத்தரவிட்டார்கள்.

உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதாது. நாம் கேட்பது இவைதான். முதலாவது, வண்டியும் நம்பரும் மட்டுமன்றி, மாதச் சம்பளத்தோடு படித்த ஆள் பள்ளிக்குள் இருக்கவேண்டும். இரண்டாவது, பிள்ளை சொன்னது அடுத்த நிமிஷம் ஊர்த் திண்ணைக்குப் போகாத தனி அறை வேண்டும். மூன்றாவது, "பொறுத்துப் போ, உன் விதி" என்று சொல்லும் ஆலோசகர் வேஷ்டி மாற்றிய புரோகிதரேயாவார். அடிப்பவனையும் இழிவு செய்பவனையும் தடுக்கும் அதிகாரமும் துணிவும் அவருக்கு வேண்டும். நான்காவது, ஜில்லா முழுவதற்கும் இதை நடத்தும் அதிகாரி, எத்தனை பள்ளிக்கு ஆள் போட்டாயிற்று, எத்தனை பள்ளிக்கு இல்லை என்ற கணக்கை வருஷந்தோறும் பொதுஜனங்கள் முன் வைக்கவேண்டும்.

நாரணாபுரத்துத் தோழர்களே! அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஆலோசகர் உண்டா இல்லையா என்று எழுந்து கேளுங்கள். இல்லையென்றால் தீர்மானம் போட்டுக் கலெக்டருக்கு அனுப்புங்கள். கோயில் கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி வசூலிக்க நமக்கு ஒற்றுமை இருக்கிறது. பெற்ற பிள்ளையின் உயிருக்காக ஒரு மனுவில் கையெழுத்துப் போட அந்த ஒற்றுமை வராதென்றால், பகுத்தறிவு என்று நாம் பேசுவதற்கு அர்த்தமேயில்லை என்று சொல்லுவோம்.