குட்டி ஏன் இரவில் அழுகிறது?

மழைக்காலம் முடியும் தறுவாயில் உங்கள் தெருவிலும் ஒரு நாய் குட்டி போட்டிருக்கும். மணல் குவியலின் மறைவிலோ சாக்கடைப் பாலத்தின் அடியிலோ ஐந்தாறு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பள்ளி விட்டு வரும் வழியில், கொழுகொழுவென்று இருக்கும் ஒன்றைத் தூக்கி வந்துவிடும் ஆசை யாருக்குத்தான் வராது? உங்கள் வயதில் எனக்கும் வந்தது. அன்று இரவு முழுவதும் அந்தக் குட்டி அழுதது. "பின்கட்டில் போட்டுவை, இரண்டு நாளில் பழகிவிடும்" என்றார்கள் வீட்டில். மூன்றாம் நாள் காலையில் அது அசைவற்றுக் கிடந்தது.

அதைப் பிடிவாதம் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். இன்றும் பல வீடுகளில் அப்படியே நினைக்கிறார்கள்.

நாய்க்குட்டி பிறக்கும்போது அதற்குக் கண் தெரியாது, காதும் கேளாது. கண் திறக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. முதல் சில வாரங்களில் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறமை அதற்கு முழுமையாக வருவதில்லை. ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது விளையாட்டல்ல; அதுதான் அவற்றின் கணப்பு! ஒன்றைத் தனியே பிரித்துச் சிமென்டுத் தரையில் விட்டால் அது குளிர்ந்து போகிறது. குளிர்ந்த குட்டி தாயை அழைக்கிறது. தெருவில் தாய் ஓடி வரும். உங்கள் பின்கட்டுக்கு யார் வருவது?

சரி, பால் ஊற்றினால் போதாதா என்பீர்கள். தாய் நாயின் பாலில், பசும்பாலில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கும் அதிகமான கொழுப்பும் புரதமும் உண்டு. பால் சர்க்கரையோ பசும்பாலைவிடக் குறைவு. பசும்பாலை மட்டும் நம்பும் இளங்குட்டிக்குச் சத்தும் போதாது, வயிற்றுப்போக்கும் வரும்.

ஆகவே என் கருத்து இதுதான்: எட்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். "பெரிதாகிவிட்டால் நம்மிடம் ஒட்டாதே" என்று நண்பர்கள் சொல்வார்கள். இந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தில் இது சோதிக்கப்பட்டது. வேலியிட்ட வயல்களில் மனிதப் பழக்கமே இல்லாமல் குட்டிகளைத் தாயுடன் வளர்த்து, வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் மனிதருடன் பழகவிட்டார்கள். அதன் முடிவுகள் 1961-ல் வெளிவந்தன. பதினான்கு வாரம்வரை மனிதரையே அறியாத குட்டிகள் காட்டு விலங்கைப்போல் மிரண்டன. இடையில் ஒரு வாரமே பழகிய குட்டிகளோ நன்றாக ஒட்டிக்கொண்டன. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலம் அவ்வளவு முக்கியமானது.

இதிலிருந்து தெரிவது என்ன? குட்டியை உங்களிடம் கொண்டுவர அவசரப்படாமல் நீங்கள் குட்டியிடம் போங்கள். அதுவும் தனியாகப் போகாதீர்கள். பெரியவர் ஒருவருடன் போங்கள். குட்டி போட்ட நாய் கடிக்கத் தயங்காது. தாய்க்குத் தினமும் சோறு வைத்துச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். குட்டிகள் தாமாக வந்து உங்கள் செருப்பை மோந்து பார்க்கும். இதற்கிடையே அவை ஒன்றோடொன்று சண்டையிட்டு, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதையும் கற்றுக்கொள்ளும். அந்தப் பாடத்தை நீங்கள் நடத்த நேர்ந்தால் உங்கள் கைவிரல்தான் பலகை!

எட்டு வாரத்தில் பால் பற்கள் இருபத்தெட்டும் முளைத்திருக்கும். குட்டி குழைந்த சோறும் தின்னும். அழைத்துவரும் நாளில் ஒரு பழந்துணியைத் தாயின்மேலும் மற்றக் குட்டிகளின்மேலும் தேய்த்து எடுத்து வாருங்கள். நாய்க்கு மூக்குதான் கண். அந்த வாசனை உள்ள துணியை ஓர் அட்டைப்பெட்டியில் விரித்து, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய புட்டி ஒன்றைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பெட்டியை உங்கள் படுக்கைக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரவில் முனகினால் கையை நீட்டித் தொடுங்கள். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்று பாட்டி சொல்லக்கூடும், சொல்லட்டும். சில இரவுகளில் அது அடங்கிவிடும். தின்றதும், தூங்கி எழுந்ததும் வெளியே தூக்கிப் போனால் வீட்டை நனைப்பதும் குறையும். நனைத்த இடத்தில் மூக்கைத் தேய்க்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதனால் குட்டி கற்றுக்கொள்வது உங்களைக் கண்டு அஞ்சுவதை மட்டுமே.

வந்த வாரத்திலேயே கால்நடை மருத்துவமனைக்குப் போக வேண்டும். 1978-ல் புதிதாக இனங்காணப்பட்ட பார்வோ வைரஸ் இன்றும் குட்டிகளைக் கொல்கிறது. அதற்குத் தடுப்பூசி உண்டு. பூச்சி மருந்தும் தேவை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வழக்கமாக மூன்றாம் மாதத்தில் போடுகிறார்கள். அதற்குமுன் குட்டி பல்லாலோ நகத்தாலோ கீறிவிட்டால், "சின்னக் குட்டிதானே" என்று வீட்டில் மறைக்காதீர்கள். குட்டிக்கும் அந்நோய் இருக்கக்கூடும். சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் வேண்டாம்.

தாய் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டால் எட்டு வாரம் காத்திருக்க முடியாதுதான். அப்போதும் ஒரே ஒரு குட்டியைப் பிரித்தெடுக்காமல், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேர்த்துப் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.