அளவு பார்த்து ஊற்று!



"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சாப்பாட்டுக்கு மட்டும் சொன்ன பழமொழி என்று நாம் நினைக்கிறோம். கம்ப்யூட்டருக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து. எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். வைரஸ் வந்துவிட்டதோ என்று பலர் பயந்தார்கள். வைரஸ் இல்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் டிரைவரில் எண்ணிக்கை தப்பிவிட்டது. 20 விவரம் மட்டுமே கொடுத்த இடத்தில் அது 21-வது விவரத்தைத் தேடிப் போனது. தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் கை வைத்தது. அவ்வளவுதான், எல்லாம் படுத்துவிட்டது.

டிரைவர் என்றால் பஸ் ஓட்டும் டிரைவர் இல்லை! பிரிண்டர், மவுஸ், கேமரா போன்ற கருவிகள் பேசுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கும் புரோகிராம். பெரும்பாலும் அது கெர்னல் என்ற அடித்தளத்திலேயே வேலை செய்யும். சாதாரண புரோகிராம் தப்பு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் இருக்கும் டிரைவர் தப்பு செய்தால் முழு மெஷினும் நிற்கும்.

கிரவுட்ஸ்டிரைக் டிரைவர் எல்லை தாண்டிப் படித்தது. எல்லை தாண்டி எழுதுவது அதைவிட மோசம். அதை வயலை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். ஒரு பாத்திக்கு எவ்வளவு தண்ணி தாங்குமோ அவ்வளவுதான் விட வேண்டும். மடையைத் திறந்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் வரப்பு உடைந்து பக்கத்துப் பாத்தியும் பாழாகும். கம்ப்யூட்டர் நினைவிலும் எழுத்துகளை வைக்கப் பாத்தி மாதிரி இடம் ஒதுக்குகிறார்கள். அதன் பெயர் பஃபர். அது நிரம்பி வழிந்தால் பக்கத்தில் இருக்கும் விவரம் அழியும். கெட்டவன் திட்டம் போட்டு வழியவிட்டால் மெஷினே அவன் கைக்குப் போய்விடலாம்.

டிரைவர்களைப் பெரும்பாலும் சி மொழியில்தான் எழுதுகிறார்கள். அதில் எஸ்-பிரிண்ட்-எஃப் என்று ஒரு கட்டளை உண்டு. பெயர், எண் எல்லாவற்றையும் ஒரே வரியாகக் கோத்து பஃபரில் எழுதும். ஆனால் பஃபர் எவ்வளவு பெரிசு என்று அது கேட்கவே கேட்காது! வெப்பம் காட்டும் கருவி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். "35, 40 என்றுதானே வரும்" என்று 4 இடம் ஒதுக்குகிறார்கள். கருவி கெட்டுப்போய் -2147483648 என்று அனுப்பினால் என்ன ஆகும்? கழித்தல் குறியோடு 11 இடம், முடிவைக் காட்டும் பூஜ்யத்துக்கு 1, ஆக 12 இடம் வேண்டும். மிச்ச 8-ம் பக்கத்துப் பாத்திக்குத்தான் போகும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. லினக்ஸில் காயாக் என்ற யுஎஸ்பி ஒலிக் கருவி டிரைவரில் இதே மாதிரி ஓட்டை 2011-ல் வெளியே தெரிந்தது. கருவி சொல்லும் பெயரை அளவு பார்க்காமல், 80 இடம் உள்ள பஃபரில் அப்படியே காப்பி செய்தது அந்த டிரைவர். நீளமான பெயர் வைத்த கருவியைச் செருகினாலே போதும், வழிந்துவிடும். பிறகு அளவு பார்க்கும் கட்டளையைப் போட்டுச் சரி செய்தார்கள்.

லினக்ஸ் நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். நம் மாநிலத்தில் 2011-ல் ஆரம்பித்த விலையில்லா லேப்டாப்களில் வந்த பாஸ் லினக்ஸும் அதே கெர்னல்தான்.

இதற்கு மருந்து என்ன? எஸ்-என்-பிரிண்ட்-எஃப். நடுவில் ஒரே ஒரு 'என்' கூடுதல். இத்தனை இடம்தான் உண்டு என்று அதற்குச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எழுதாது. ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கு. எவ்வளவு எழுதினேன் என்று அது சொல்லாது, இடம் இருந்திருந்தால் எவ்வளவு எழுதியிருப்பேன் என்றுதான் சொல்லும். அதை நம்பி அடுத்த வரியை எழுதினால் மறுபடியும் எல்லை தாண்டிவிடும். அதனால்தான் லினக்ஸில், உண்மையில் எழுதியதை மட்டும் சொல்லும் எஸ்-சி-என்-பிரிண்ட்-எஃப் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். 2020-ல் சிஸ்எஃப்எஸ் எமிட் என்ற கட்டளையும் வந்தது. டிரைவர்கள் தங்கள் விவரத்தை வெளியே காட்டும் பக்கத்தின் அளவு (பொதுவாக 4096 பைட்) அதற்கே தெரியும்.

"கவனமா எழுதினா போதும், எதுக்கு இத்தனை கட்டளை?" என்று சிலர் கேட்பார்கள். நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கவனமாக இரு என்பது அறிவுரை, அது பூட்டு ஆகாது. எவ்வளவு படித்தவருக்கும் ஒரு நாள் கவனம் தப்பும். கெட்ஸ் என்று ஒரு கட்டளை சி மொழியில் இருந்தது. அதுவும் அளவு கேட்காது. 1988-ல் மோரிஸ் புழு என்ற புரோகிராம் அந்த ஓட்டை வழியாகவும் பல கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தது. கடைசியில் 2011-ல் வந்த சி மொழி விதியில் கெட்ஸையே தூக்கிவிட்டார்கள். அதுதான் சரியான வழி. கிணற்றைச் சுற்றிச் சுவர் கட்டாமல் "பார்த்துப் போ" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தால் யார் மேல் தப்பு?

தமிழ்ப் பிள்ளைகளான நமக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. 'அண்ணாமலை' என்பது நம் கண்ணுக்கு 5 எழுத்து. கம்ப்யூட்டரில் யுடிஎஃப்-8 முறையில் அது 24 பைட்! இங்கிலீஷில் எழுதினால் 9 பைட்தான். ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்று எண்ணி 20 பைட் ஒதுக்கினால், அளவு பார்க்காத கட்டளை வழியவிடும். அளவு பார்க்கும் கட்டளையோ 'அண்ணாம' என்று எழுதி, அடுத்த எழுத்தைப் பாதியில் வெட்டிவிடும். மெஷின் பிழைக்கும், நம் சாமி பெயர் பிழைக்காது! ஆகவே வழியாமல் காப்பது பாதி வேலைதான். பைட் கணக்கில் தேவையான இடம் ஒதுக்க வேண்டும், வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முழு எழுத்தில் வெட்ட வேண்டும், வெட்டியதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

முடிவாக நான் கேட்பது மூன்று:

1. சி மொழி சொல்லித் தரும் இடங்களில் முதல் நாளிலிருந்தே அளவு கேட்கும் கட்டளைகளையே சொல்லித் தர வேண்டும்.

2. "இங்கே வழியலாம்" என்று கம்பைலர் எச்சரித்தால் அதைத் தள்ளிவிடாமல் சரி செய்ய வேண்டும்.

3. சோதித்துப் பார்க்கும்போது நீளமான பெயரையும், தமிழ்ப் பெயரையும், கெட்டுப்போன கருவி அனுப்பும் எண்ணையும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

நம்மில் யாராவது நாளைக்கு இன்ஜினியர் ஆகலாம். அன்று உங்கள் கையில் இருக்கும் மடை, ஆஸ்பத்திரிக் கருவியாகவும் இருக்கலாம், ரயில் சிக்னலாகவும் இருக்கலாம். பாத்தியை அளந்துவிட்டு அப்புறம் தண்ணியைத் திறங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அடி அண்ணாமலை