மாமாவும் 96 செல்களும்

அரியமங்கலத்தில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். ரிட்டையரான பணத்தில் கார் வாங்குவேன், அதுவும் எலெக்ட்ரிக் கார்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். புதுசுக்குப் பணம் பத்தாது. செகண்ட் ஹாண்ட் ஒன்று வந்தது, ஆறு லட்சம். அத்தை அன்று முழுக்க யாருடனும் பேசவில்லை.

"நூறு பர்சென்ட் சார்ஜ் காட்டுது, பாருங்க ஸார்!" என்றார் புரோக்கர். காட்டியது. மாமா அட்வான்ஸுக்காகப் பையில் கைவிட்டார்.

இந்த நூறில்தான் சூட்சுமம். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடித்தபோது 120 அடி என்றால் 93.47 டி.எம்.சி. தொண்ணூறு வருஷ வண்டலுக்கு மேலே நிற்கிற 120 அடியில் அத்தனை தண்ணீர் இருக்குமா? கார் பேட்டரியும் அப்படித்தான். நூறு என்பது பாத்திரம் நிரம்பியதைச் சொல்லும், பாத்திரம் சுருங்கியதைச் சொல்லாது.

பக்கத்து வீட்டு பாலிடெக்னிக் பையன், "இருங்க அங்கிள்" என்று தீப்பெட்டி சைஸில் ஒரு அடாப்டர் கொண்டுவந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் இதைக் கட்டாயமாக்கினார்கள், புகைக் கோளாறைக் கண்டுபிடிக்க! புகையே விடாத காரிலும் அது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சொருகினான். புளூடூத் வழியாக செல்போனில் பேட்டரியின் ஜாதகமே விரிந்தது. 96 செல்களும் 4.1 வோல்ட்டில் அசெம்பிளி பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. புரோக்கர் சிரித்தார்.

"வயிறு நிறைஞ்சிருந்தா எல்லாரும் நல்லவங்கதான் அங்கிள். காலி வயித்துல பாக்கணும்."

தஞ்சாவூர் போய்த் திரும்பினோம். நூறு கிலோமீட்டருக்கு மேல். பால்பண்ணை வந்தபோது 95 செல்கள் 3.6-ல் இருக்க, 61-ம் நம்பர் மட்டும் 3.4. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் தொங்கியது.

ஒரு செல்தானே என்கிறீர்களா? சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிற குடும்பத்தில் பாட்டிக்கு முழங்கால் வலி வந்தால் எல்லோரும் உட்கார வேண்டியதுதான். செல்கள் ஒன்றோடொன்று தொடராகக் கோர்த்தவை. 61 காலியானால் வண்டி நிற்கும், மற்ற 95 தெம்பாக இருந்தாலும்.

"ஆப்பையெல்லாம் நம்பாதீங்க ஸார்" என்றார் புரோக்கர். அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. மலிவு அடாப்டர்கள் உளறும். அந்த மாடலுக்கான கணக்கு ஆப்பில் இல்லாவிட்டாலும் உளறும்.

"அப்ப கம்பெனி சர்வீஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எழுதி வாங்கிக் குடுங்க. வாரண்டி ரெண்டாவது ஓனருக்கும் உண்டானும் கேட்டுடுங்க" என்றான் பையன். பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பல கம்பெனிகள் வாரண்டி தருகின்றன.

இதோ வாங்கிவருகிறேன் என்று போனவர்தான், போன் இன்னும் ஸ்விட்ச் ஆஃப்.

பிறகு ரிப்போர்ட்டோடு வேறு கார் கிடைத்தது. மாமாவுக்குப் பைத்தியம் பிடித்தது அதற்கப்புறம்தான். காலையில் காபிக்கு முன் 96 செல்லையும் பார்த்தாக வேண்டும். அடாப்டரைக் கழற்றுவதே இல்லை.

ஒரு நாள் பேத்தியைப் பார்க்கக் கிளம்பினால் கார் அசையவில்லை. பெரிய பேட்டரியில் 80 பர்சென்ட்! ஆனால் அதை எழுப்பிவிடுவது, பெட்ரோல் காரில் இருப்பது போன்ற ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி. அடாப்டர் ராப்பகலாக அதையும் காரின் கம்ப்யூட்டரையும் தூங்கவிடாமல் உறிஞ்சித் தீர்த்திருந்தது. கடைசியில் எதிர்வீட்டு டீசல் அம்பாஸடர் வந்து கரண்ட் பிச்சை போட்டது.

அத்தை வாசலில் நின்று சொன்னாள்: "தினம் நாடி பார்த்தே ஆளை சாகடிச்சிட்டீங்களே!"

இப்போது அடாப்டர் அத்தையின் கடுகு டப்பாவில். மாதம் ஒரு தரம், பத்து நிமிஷம்தான் வெளியே வரும்.