பணம் வரும் வழியை அடைத்துப் படைப்பை மறைப்பது: சங்கத்தின் நிலைப்பாடு

சுயாதீன விளையாட்டுப் படைப்பாளிகள் தங்கள் ஆக்கங்களை விற்கும் இட்ச்.ஐஓ தளம், வயது வந்தோருக்கானவை எனக் குறிக்கப்பட்ட ஆக்கங்களை 2025 ஜூலை 24 அன்று தேடலிலிருந்து மறைத்தது. அதே மாதத்தில் விளையாட்டு விற்பனைத் தளமான ஸ்டீம், கட்டண நிறுவனங்களும் வங்கிகளும் வகுத்த விதிகளை மீறக்கூடியவற்றுக்கு இடமில்லை என்று புதிய விதி சேர்த்துப் பல விளையாட்டுகளை நீக்கியது. இத்தகைய ஆக்கங்களை விற்கும் தளங்களுக்கான சேவையை நிறுத்துமாறு ஆஸ்திரேலியாவின் கலெக்டிவ் ஷவுட் அமைப்பு கட்டண நிறுவனங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியதன் பின் நடந்தவை இவை.

இத்தகைய ஆக்கங்கள் குறித்து உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சட்டம் தடை செய்தவற்றைத் தளங்கள் நீக்கத்தான் வேண்டும். தனக்கு ஒவ்வாததை விற்க மறுக்கும் உரிமை, பொதுவாக, தளத்துக்கு உண்டு. எதிர்ப்புக் கடிதம் எழுதுவதும் பேச்சுரிமையே.

ஆனால், முடிவெடுத்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத நிலையைச் சங்கம் ஏற்க முடியாது. கார்டு நிறுவனம் வங்கியிடம் சொல்கிறது. வங்கி கட்டண நிறுவனத்திடம் சொல்கிறது. அது தளத்திடம் சொல்கிறது. தளம் படைப்பாளியின் ஆக்கத்தை மறைக்கிறது. எந்த விளையாட்டையும் தாங்கள் மதிப்பிடவில்லை, சட்டப்படியான கொள்முதல் எதையும் தடுக்கவில்லை என்று மாஸ்டர்கார்டு ஆகஸ்ட் 1 அன்று அறிவித்தது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமோ, இடைநிலை நிறுவனங்கள் மாஸ்டர்கார்டின் 5.12.7ஆம் விதியைக் காட்டியே மறுத்தன என்றது. தன் நற்பெயருக்குக் கேடு என்று மாஸ்டர்கார்டு தானாகவே கருதும் எந்தப் பரிவர்த்தனையையும் அவ்விதி விலக்குகிறது. சட்டப் புத்தகத்தில் இல்லாத குற்றத்துக்கு, விசாரணை இல்லாமல், பெயர் தெரியாத ஒருவர் விதிக்கும் தண்டனை இது. தண்டிக்கப்பட்டவர் முறையிடப் போனால் ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் காட்டுகிறது. முன்னறிவிப்புத் தர அவகாசம் இருக்கவில்லை என்று இட்ச்.ஐஓ ஒப்புக்கொண்டது. விலையில்லாத ஆக்கங்களை ஜூலை 31 அன்று அத்தளம் மீண்டும் தேடலில் சேர்க்கத் தொடங்கியது. காசு கைமாறாத ஆக்கம் திரும்ப முடிந்தது. அதே வகை ஆக்கம் விலை வைத்த குற்றத்துக்காக மறைந்தே கிடந்தது.

இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸுக்கு வந்த நன்கொடைகளை பேபால், விசா, மாஸ்டர்கார்டு ஆகியவை நிறுத்தின. 2018 டிசம்பரில், படைப்பாளிகளுக்கு ஆதரவுத் தொகை திரட்டித் தரும் பேட்ரியான் தளம் பிரிட்டிஷ் யூடியூபர் கார்ல் பெஞ்சமினின் கணக்கை முடக்கியது. அதன்பின் பலர் நாடிய மாற்றுத் தளமான சப்ஸ்கிரைப்ஸ்டாருக்கு அதே மாதம் பேபால் சேவையை நிறுத்தியது. பாதிக்கப்பட்டவர்களின் அரசியல் எதுவாயினும் சங்கத்தின் நிலைப்பாடு ஒன்றே. 2021 ஆகஸ்டில் ஒன்லிஃபேன்ஸ் தளம் வெளிப்படையான பாலியல் உள்ளடக்கத்துக்கு அறிவித்த தடைக்கு வங்கிகளே காரணம் என்று அதன் தலைவர் கூறினார்; ஒரு வாரத்துக்குள் அத்தடை கைவிடப்பட்டது.

எனவே, குறைந்தபட்சம் நான்கு நடைமுறைகள் தேவை எனச் சங்கம் கருதுகிறது: மறுப்புக்கான விதியையும் முடிவெடுத்த நிறுவனத்தையும் எழுத்தில் குறிப்பிடுதல், நியாயமான முன்னறிவிப்பு, மனிதர் ஒருவர் விசாரிக்கும் மேல்முறையீடு, ஏற்கெனவே ஈட்டிய தொகையைத் தாமதமின்றி வழங்குதல். கட்டணச் சேவையைப் பொதுச் சேவையாகச் சட்டம் அறிவிக்க வேண்டுமா என்பதில் செயற்குழு இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் நீதிமன்றம் தலையிட முடியும் என்பதில் ஐயமில்லை. விக்கிலீக்ஸ் நன்கொடை வழியை மீண்டும் திறக்குமாறு வாலிட்டர் என்ற கட்டண நிறுவனத்துக்கு இடப்பட்ட ஆணையை ஐஸ்லாந்து உச்ச நீதிமன்றம் 2013இல் உறுதி செய்தது.