மகளிடம் மறைக்கலாமா?

தாய் தன் மகளுக்கு என்ன கொடுப்பாள்?

நகை கொடுப்பாள். பட்டுப் புடவை கொடுப்பாள். பித்தளைப் பாத்திரம் கொடுப்பாள். தன் மூக்கையும் முழியையும் கொடுப்பாள்.

சில தாய்மார்கள் தங்களுக்கே தெரியாமல் இன்னொன்றையும் கொடுத்து விடுகிறார்கள். புற்றுநோயை வரவழைக்கக் கூடிய ஒரு பழுதுதான் அது!

கொடுப்பது அவர்கள் குற்றம் அல்ல. ஆனால், தெரிந்த பிறகும் மகளிடம் மறைப்பது சரியா?

நடிகை எடுத்த முடிவு

ஏஞ்சலினா ஜோலி, உலகப் புகழ் பெற்ற அமெரிக்க நடிகை. அவருடைய தாயார் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் புற்றுநோயோடு போராடினார். 2007-ம் ஆண்டில், 56-வது வயதில் இறந்து போனார்.

மகள் தன் உடம்பைச் சோதித்துப் பார்த்தார். பழுதான மரபணு ஒன்று இருப்பது தெரிந்தது. "உங்களுக்கு மார்பகப் புற்றுநோய் வர நூற்றுக்கு 87 பங்கு வாய்ப்பு இருக்கிறது" என்று டாக்டர்கள் கணக்குச் சொன்னார்கள்.

நோய் இன்னும் வரவில்லை. ஆனாலும் அவர் காத்திருக்கவில்லை. ஆபரேஷன் செய்து கொண்டார். மார்பகத் திசுவை எடுத்து விட்டார்கள். 87 பங்காக இருந்த ஆபத்து, 5 பங்குக்கும் கீழே இறங்கியது. 2013-ம் ஆண்டு மே மாதம் அவரே இதைப் பத்திரிகையில் எழுதினார். 2015-ம் ஆண்டில் சினைப்பைகளையும் எடுத்து விட்டார்.

"நோய் வராத உடம்பில் கத்தி வைப்பதா?" என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது.

பழுது பார்க்கும் ஆள்

நம் உடம்பு கோடி கோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் "இப்படி வளர், இப்படி வேலை செய்" என்ற குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மரபணு என்று பெயர். குறிப்பில் தினமும் கிழிசல் விழும். அதை ஒட்டுப்போட உடம்பிலேயே ஆள் உண்டு. பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 என்ற இரண்டு மரபணுக்களும் அந்த வேலையைச் செய்கின்றன.

பழுது பார்க்கும் ஆளே பழுதாகி விட்டால்? கிழிசல் பெருகும். ஒரு நாள் ஒரு செல் கட்டுக்கு அடங்காமல் வளரும். அதுதான் புற்றுநோய்!

அமெரிக்காவில் சாதாரணமாக 100 பெண்களில் 13 பேருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. இந்தப் பழுது உள்ளவர்களில் 60 பேருக்கு மேல் வருகிறது. சினைப்பையில் புற்றுநோய் வரும் ஆபத்தும் பல மடங்கு கூடுகிறது.

கண்டுபிடித்தவர் ஒரு பெண்

மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி பல ஆண்டுகள் இதைத் தேடினார். "ஒரே ஒரு மரபணுவா புற்றுநோயைக் கொண்டு வரும்?" என்று பல விஞ்ஞானிகள் நம்ப மறுத்தார்கள். அவர் விடவில்லை.

அவர் 23 குடும்பங்களை ஆராய்ந்தார். அந்தக் குடும்பங்களில் 146 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. பாட்டிக்கு வந்ததா, சித்திக்கு வந்ததா, எந்த வயதில் வந்தது என்று விவரம் சேர்த்தார். 1990-ம் ஆண்டில் அந்த மரபணு இருக்கும் இடத்தைக் காட்டினார். 1994-ம் ஆண்டில் மரபணுவே கையில் சிக்கியது.

அந்தக் குடும்பத்தார் நோயை மறைத்திருந்தால் இந்தக் கண்டுபிடிப்பு ஏது?

ஸ்டெம் செல் வந்து விட்டதா?

"பழுதான மரபணுவையே திருத்தி விட்டால், கத்தி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். சில ரத்த நோய்களில் மரபணுவில் திருத்தம் செய்யும் சிகிச்சை வந்தே விட்டது!

ரத்தத்தை உற்பத்தி செய்யும் தாய்ச் செல்களுக்கு ஸ்டெம் செல் என்று பெயர். நோயாளியின் ஸ்டெம் செல்களை வெளியே எடுக்கிறார்கள். மரபணுவில் திருத்தம் செய்கிறார்கள். பிறகு உடம்புக்குள் செலுத்துகிறார்கள். அரிவாள் செல் சோகைக்கும், தலசீமியாவுக்கும் இந்தச் சிகிச்சையை 2023-ம் ஆண்டு நவம்பரில் பிரிட்டன் அனுமதித்தது. அடுத்த மாதம் அரிவாள் செல் சோகைக்கு அமெரிக்காவும் அனுமதி கொடுத்தது. அங்கே வைத்த விலை 22 லட்சம் டாலர்!

ஆனால் மார்பகமும் சினைப்பையும் ரத்தம் போன்றவை அல்ல. அவற்றின் செல்களை வெளியே எடுத்து, திருத்தி, திரும்ப வைக்க முடியாது. இருந்த இடத்திலேயே எல்லாச் செல்களையும் திருத்த வேண்டும். திருத்தாமல் விட்ட செல்லில் ஆபத்து அப்படியே இருக்கும். புற்றுநோய் தொடங்க ஒரு செல் போதுமே!

ஆகவே, பரம்பரைப் புற்றுநோயைத் தடுக்க ஸ்டெம் செல் சிகிச்சை இன்று எந்த நாட்டிலும் அனுமதிக்கப்படவில்லை. நாளை வரலாம். "இன்றே எங்களிடம் இருக்கிறது" என்று யாராவது பணம் கேட்டால், தாலியை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள்!

இன்று செய்யக் கூடியது

பயப்படவும் வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் அது பரம்பரையாக வருகிறது. பழுது இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போவது பாதிக்குப் பாதி வாய்ப்புதான். தாய் வழியாக மட்டும் அல்ல, தந்தை வழியாகவும் வரும். ஆகவே அத்தையின் நோயையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குடும்பத்தில் இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலும், யாருக்காவது சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தேவையானால் மரபணுச் சோதனை செய்வார்கள். பழுது இருந்தால், 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் ஸ்கேன் பார்க்கலாம். பிள்ளை பெற்று முடிந்த பிறகு சினைப்பையை எடுப்பது பற்றி டாக்டரோடு பேசலாம். எடுத்தால் மாதவிலக்கு நின்று விடும். பிறகு இயற்கையாகக் கருத்தரிக்க முடியாது. இது சின்ன விஷயம் அல்ல. அந்தப் பெண்ணே யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

மூடி வைத்தால்?

"வெளியே சொல்லாதே. பெண்ணுக்குக் கலியாணம் ஆக வேண்டும்" என்று பல வீடுகளில் நோயை மூடி வைக்கிறார்கள். பெற்ற வயிற்றின் கவலை அது. அதைக் குறை சொல்ல முடியாது. ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் பெற்ற மகளிடமே மறைத்தால், அவளை யார் காப்பாற்றுவது? கலியாணம் நடந்து விடும். பத்து வருஷம் கழித்து நோய் முற்றி வந்து நின்றால், அவளுடைய குழந்தைகள் அல்லவா அனாதையாகும்?

நடிகையிடம் பணம் இருந்தது. ஆனால் பணத்துக்கு முன்னால் ஒன்று இருந்தது. தாயாருக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மகளுக்கு விவரம் தெரியும் வயது வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். யாருக்கு வந்தது, என்ன நோய், எந்த வயதில் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மகனுக்கும் கொடுங்கள். அவனுக்கும் மகள் பிறப்பாள்.

அந்தத் தாளுக்கு 22 லட்சம் டாலர் வேண்டாம். நகையோடு சேர்த்து அதையும் கொடுங்கள்!